பட்டமும் பொறுப்பும்

மன்னர் தமக்கு உற்றுழி உதவியவர்களுக்குப் பட்டம் அளித்துப் பாராட்டும் வழக்கம் உலகின் பல நாடுகளிலும் தொன்றுதொட்டு இருந்து வந்ததாகும். பண்டைத் தமிழ்வேந்தரும் அவ்வழக்கத்தைப் போற்றினர். படைத்தலைவர்க்கு ‘ஏனாதி’ என்னும் பட்டத்தையும், அமைச்சர் முதலிய அரசியல் அலுவலர்க்குக் ‘காவிதி’ என்னும் பட்டத்தையும், வணிகர்க்கு ‘எட்டி’ என்னும் பட்டத்தையும் அவர்கள் வழங்கினர். ஏனாதிப் பட்டம் பெற்றவர் அரசன் அளித்த மோதிரத்தை விரலில் அணிந்தனர். எட்டிப் பட்டம் பெற்றவர் பொற்பூவைப் பெற்றனர்.

பட்டம் ஒன்றைப் பற்றி ஆராயப் புகுவோர் மூன்று செய்திகளை நோக்குதல் வேண்டும். அதனை அளித்தவர் யார், எதன்பொருட்டு அளித்தார், பெற்றவர் அதன்பின் யாது செய்தார் என்பனவே அவை. இம்மூன்றனுள் இறுதியில் நிற்பதே தலையாயது. பட்டம் ஒரு நாளிற் கிடைத்துவிடும். அது சுட்டும் பொறுப்போ வாழ்நாள் முழுதும் சுமக்கற்பாலது. இவ்வுண்மையை விளக்கும் நிகழ்ச்சிகள் பொருநையாறு பாயும் நெல்லை நாட்டு வரலாற்றில் உள. அவற்றுள் சிறந்த ஒன்று, கடல்கடந்து வந்து பாண்டியர் அவையில் அமைச்சராய் அமர்ந்த அரபு வணிகர் ஒருவரைப் பற்றியதாகும்.

அவர் வரலாற்றைக் காணுமுன், இந்நாட்டில் தோன்றிய அமைச்சர் ஒருவரை அறிந்துகொள்ளுதல் நன்று. திருநெல்வேலிக்கு வடமேற்கே உக்கிரன்கோட்டை என்னும் ஊர் உள்ளது. பழங்காலத்தில் அது கரவந்தபுரம் எனப் பெயர்பெற்றுப் பாண்டியரின் அரண்மிக்க நகராய் விளங்கிற்று. அவ்வூரினனாகிய மாறன்காரி என்பவன் பாண்டியன் நெடுஞ்சடையனிடம் ‘உத்தரமந்திரி’ என்னும் உயர்பதவி வகித்தான். ‘மூவேந்தமங்கலப் பேரரையன்’ என்னும் பட்டமும் பெற்றிருந்தான். மதுரைக்கு அருகிலுள்ள ஆனைமலையில் அவன் நரசிங்கப் பெருமானுக்குக் குடைவரைக் கோயில் ஒன்று எடுப்பித்தான். கோயில் முற்றுப்பெறுமுன் அவன் உயிர் நீத்தான். அவனுக்குப்பின் உத்தரமந்திரிப் பதவி எய்திய தம்பி மாறன் எயினன், ‘பாண்டிமங்கல விசையரையன்’ என்னும் பட்டத்துடன் தமையன் விட்ட பணியைத் தொடர்ந்து, முகமண்டபம் எழுப்பிக் கோயிலை நிறைவு செய்தான். கி.பி. 770ஆம் ஆண்டைச் சார்ந்த கல்வெட்டு இச்செய்தியைக் கூறுகின்றது. தமையனுக்குரிய பதவியைப் பெற்ற தம்பி, தமையனுக்குரிய கடமையையும் உடன் ஏற்றுக்கொண்டான் என்பது ஈண்டு உணரத்தக்கது.

இனி, கடலுக்கு அப்பால் இசுலாமிய நாடுகளில் பட்டங்கள் வழங்கிய முறையை நோக்குவோம். அரபு மொழியில் சிறப்புப்பெயரை ‘லகப்’ என்பர். சமயத்தைக் குறிக்கும் ‘தீன்’, அரசைக் குறிக்கும் ‘தௌலா’, ஆட்சியைக் குறிக்கும் ‘முல்க்’ ஆகிய சொற்களுள் ஒன்றனை இறுதியிற்கொண்டு பெரும்பாலான பட்டங்கள் அமைந்தன. ஜமாலுத்தீன் என்பது ‘சமயத்தின் அழகு’ எனவும், சிராஜுத்தீன் என்பது ‘சமயத்தின் விளக்கு’ எனவும், நிஜாமுத்தீன் என்பது ‘சமயத்தின் ஒழுங்கு’ எனவும் பொருள்படும். இன்று மேலப்பாளையத்திலும் காயல்பட்டினத்திலும் இயற்பெயர்களாக வழங்கும் இவை, ஒரு காலத்தில் சான்றோர்க்கும் தலைவர்க்கும் உரிய சிறப்புப்பெயர்களாய் இருந்தவையே.

பாக்தாது நகரில் வீற்றிருந்த கலீபாக்கள் சமயத் தலைவராகவும் பேரரசராகவும் திகழ்ந்தனர். அவர்க்கு உற்ற துணையாய் நின்று ஆட்சியை நடத்திய முதலமைச்சர் ‘வஜீர்’ எனப்பட்டார். சுமை என்னும் பொருள் தரும் சொல்லோடு இச்சொல்லைத் தொடர்புபடுத்தி, அரசனது சுமையைத் தாங்குபவரே வஜீர் என்று அரபு அறிஞர் பொருள் உரைத்தனர். பதவியின் பெயரே பொறுப்பை நினைவூட்டுமாறு அமைந்திருத்தல் காண்க.

ஆயினும் காலப்போக்கில் கலீபாக்களின் வலிமை குன்றிற்று. படைவலி மிக்க தலைவர்கள் அவர்களை அச்சுறுத்தித் தமக்கு வேண்டிய பட்டங்களைப் பெறலாயினர். கி.பி. 945ஆம் ஆண்டில் பூயி மரபைச் சேர்ந்த அகமது என்பவன் படையுடன் பாக்தாதுக்குள் நுழைந்தான். கலீபாவாகிய முஸ்தக்பி அவனுக்கு ‘முயிஸ்ஸுத் தௌலா’ என்னும் பட்டம் அளித்தார். அரசை வலிமையுறச் செய்பவன் என்பது அதன் பொருள். அவ்வாறு பட்டம் பெற்றவனே, சில வாரங்களுக்குள் அக் கலீபாவை அரியணையினின்று இறக்கி, அவர்தம் கண்களையும் பறித்துவிட்டான்! கொடுத்தவரையே கெடுத்த பட்டத்திற்கு இதனினும் கொடியதோர் எடுத்துக்காட்டு வேண்டுவதின்று.

இதற்கு மாறாகப் பட்டத்தின் பொருளுக்கு ஏற்ப வாழ்ந்தவர்களும் இருந்தனர். செல்ஜுக் மன்னர் இருவரிடம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வஜீராய் இருந்த ஹசன் என்பவரை உலகம் ‘நிஜாமுல் முல்க்’ என்னும் பட்டத்தாலேயே அறியும். ஆட்சியின் ஒழுங்கு என்பது அதன் பொருள். அவர் நிறுவிய கல்விக்கூடங்கள் அவர் பட்டத்தைச் சார்த்தி ‘நிஜாமியா’ எனப்பட்டன. கி.பி. 1092இல் அவர் கொலையுண்டு இறந்தார். அவர் இயற்றிய அரசியல் நூலில், பட்டங்கள் மலிந்து போனதைக் கண்டித்துத் தனியே ஒரு பகுதி எழுதியுள்ளார். தகுதி உடையவனும் இல்லாதவனும் ஒரே பட்டத்தைத் தாங்கி நிற்பரேல், அப்பட்டத்திற்கு மதிப்பு யாது என்பதே அவர் கருத்தின் சாரம்.

இத்தகைய பட்டங்கள் அலைகடல் கடந்து பொருநையாற்றின் முகத்துவாரத்திற்கும் வந்துசேர்ந்தன. பொதிகையில் தோன்றி, நெல்லை வயல்களை ஊட்டிக் கிழக்கே ஓடும் தாமிரவருணி கடலொடு கலக்கும் இடத்தில், பண்டு கொற்கை என்னும் துறைமுகம் முத்தாற் புகழ் பெற்றிருந்தது. ஆறு ஆண்டுதோறும் கொணர்ந்து கொட்டிய மண்ணால் கடல் விலகிச் சென்றது. கொற்கை உள்நாட்டு ஊராயிற்று. அதன்பின் கடலையடுத்துக் காயல் என்னும் துறை சிறப்புற்றது. இவ்வூர்கள் 1986ஆம் ஆண்டு வரை திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதிகளாய் இருந்து, அதன்பின் தூத்துக்குடி மாவட்டத்தில் அடங்கின. கால்டுவெல் ஐயர் பழையகாயற் பகுதியை ஆராய்ந்து, சீன நாட்டுக் கலங்களின் உடைந்த ஓடுகள் அங்குக் கிடப்பதைக் கண்டார். அத்துறையின் பழைய பெருமைக்கு அவ்வோடுகள் சான்றாம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் காயலைக் கண்ட வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, ஓர்முசு, கீஷ், ஏடன் முதலிய இடங்களினின்றும் குதிரைகளை ஏற்றிவரும் மரக்கலங்கள் எல்லாம் அங்கு வந்து தங்கின என்று எழுதியுள்ளார். அக்காலத்தில் அரபியர் பாண்டிய நாட்டுக் கடற்கரையை ‘மஅபர்’ என அழைத்தனர். கடந்து செல்லும் துறை என்பது அதன் பொருள். பாண்டிய மரபினர் பலர் ஒரே காலத்தில் நாட்டைப் பகுத்து ஆண்டனர். மாறவர்மன் குலசேகரன் அவர்களுள் தலைமை பெற்றிருந்தான். போர்க்குதிரை இந்நாட்டில் நன்கு வளர்வதில்லை. ஆதலின் குதிரைப்படையின் வலிமை முழுதும் கடல்வழி வந்த குதிரைகளையே சார்ந்திருந்தது.

அவ்வாணிகத்தின் திறவுகோல் உடன்பிறந்தார் இருவர் கையில் இருந்தது. மூத்தவர் ஜமாலுத்தீன் இபுராகிம். பாரசீக வளைகுடாவில் உள்ள கீஷ் தீவின் தலைவர். ஈரானை அந்நாளில் ஆண்ட மங்கோலியரிடம் பார்ஸ் நாட்டு வரியைத் திரட்டும் உரிமையைக் குத்தகையாகப் பெற்றவர். அவர் ‘மாலிக்குல் இஸ்லாம்’ என்னும் பட்டம் பூண்டிருந்தார். மற்றவர் தகியுத்தீன் அப்துர் ரகுமான். சமயப்பற்று மிக்கவர் என்பது ‘தகியுத்தீன்’ என்பதன் கருத்து. இவர் பாண்டிய நாட்டில் தங்கிச் சுந்தரபாண்டியனுக்கு அமைச்சரும் அறிவுரை கூறுவோரும் ஆயினார். காயல் உள்ளிட்ட மூன்று துறைமுகங்கள் இவர் பொறுப்பில் விடப்பட்டன.

இச்செய்திகளை எழுதிவைத்தவர் ஈரான் நாட்டு வரலாற்றாசிரியர் வஸ்ஸாப். அவர் பெயரும் ஒரு பட்டமே. அவர் தம் நூலைக் கி.பி. 1312இல் மங்கோலிய மன்னன் முன்னிலையில் படித்துக் காட்டியபோது ‘அரசவையைப் புகழ்ந்துரைப்பவர்’ எனப் பொருள்படும் பட்டத்தைப் பெற்றார். அவருடைய இயற்பெயரை இன்று அறிஞரன்றி அறிவார் சிலரே. அவர் தம் நூலில் தகியுத்தீனை ‘மர்ஸ்பானுல் ஹிந்த்’ என்று குறிக்கின்றார். ‘மர்ஸ்’ என்பது எல்லை. ‘பான்’ என்பது காப்பவன். இசுலாம் தோன்றுதற்கு முன்பே, பாரசீகப் பேரரசின் எல்லைப்புற நாடுகளைக் காத்த தலைவர்க்கு உரியதாய் இருந்த பழம்பட்டம் அது. அவ்வகையில், காயல் துறையில் அமர்ந்து தமிழ்வேந்தனுக்குப் பணிபுரிந்த ஒருவரை ஈரானியர் ‘இந்திய எல்லைக் காவலர்’ என்று அழைத்தனர்.

வேற்று நாட்டினரும் வேற்றுச் சமயத்தினருமாகிய ஒருவரிடம் பாண்டியன் தன் துறைமுகங்களை ஒப்படைத்தமை அவனது பரந்த உள்ளத்தைக் காட்டுகின்றது. கடலின் இயல்பையும், கலம் செலுத்தும் காலத்தையும், தொலைநாட்டு விலைகளையும் அறிந்தவர் அப்பணிக்கு வேண்டப்பட்டார். பிறப்பு நோக்காது திறமை நோக்கிப் பணியிடத்தை அளித்தான் மன்னன். ஆயினும் திறமை ஒன்றே அமைச்சுக்குப் போதுமா என்னும் வினா ஈண்டு எழுகின்றது. அதற்கு விடை குதிரைக் கணக்கில் உள்ளது.

ஜமாலுத்தீன் தம் சொந்தக் குதிரைகளுள் ஆயிரத்து நானூற்றை ஆண்டுதோறும் பாண்டிய நாட்டுக்கு அனுப்புவதென ஒப்பந்தம் செய்யப்பட்டிருந்தது. குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தினார். எனவே அவர்தம் குதிரைகளுக்கு மட்டும் ஆண்டுக்கு 3,08,000 தினார் ஆயிற்று. இதனினும் வியப்புத் தருவது மற்றொரு விதி. வழியிற் கடலில் இறந்துபோகும் குதிரைகளின் விலையையும் பாண்டியன் கருவூலமே கொடுத்தல் வேண்டும் என்பது அது. மேலும், சீனத்தினின்றும் பிற நாடுகளினின்றும் வந்திறங்கும் பண்டங்களுள் வேண்டுவனவற்றை ஜமாலுத்தீனின் முகவர்கள் முதலில் தெரிந்தெடுத்த பின்னரே ஏனையோர் வாங்கலாம் என்ற உரிமையும் அவர்க்கு இருந்தது.

உயிரோடு வந்திறங்கிய குதிரைகளின் நிலைமை யாது? அரசன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கியும், ஆண்டிறுதியில் நூறு குதிரைகளும் எஞ்சுவதில்லை என்று மார்க்கோ போலோ எழுதுகின்றார். அவற்றைப் பேணும் முறையை இந்நாட்டார் அறியவில்லை; குதிரைக்கு மருத்துவம் செய்வாரும் இங்கில்லை. அத்தகையோர் இங்கு வருவதைக் குதிரை வணிகர் விரும்பவில்லை என்றும், குதிரைகள் இறந்தாலன்றோ மீண்டும் விற்கலாம் என்பது அவர் எண்ணம் என்றும் அவர் கூறுகின்றார்.

குதிரை விற்பவர் தமையன். குதிரை வந்திறங்கும் துறையின் காவலர் தம்பி. தகியுத்தீன் மன்னனை வஞ்சித்தார் என்று வரலாறு கூறவில்லை. அவர்தம் திறத்தையே வஸ்ஸாப் புகழ்கின்றார். எனினும், வாங்குவோனுக்கு அறிவுரை கூறுபவரும் விற்பவரும் ஒரு குடும்பத்தினராய் இருக்குமிடத்துக் குடிகளின் பொருள் காவலின்றி நிற்கும் என்பது தெளிவு. இறந்த குதிரைக்கும் விலை கொடுக்கும் விதியை மாற்றுக என்று மன்னனிடம் எடுத்துரைப்பதற்கு உரியவர் துறைமுகத்தைக் காத்த அமைச்சரே. அவர் அதனைக் கூறுவாராயின், இழப்பு அவர் தமையனையே சாரும். அரசன் சுமையைத் தாங்க வேண்டிய தோள்மீது குடும்பத்தின் சுமையும் ஏறியிருந்தது. ‘எல்லைக் காவலர்’ என்னும் பட்டம் துறைமுகத்தைக் காத்தது; கருவூலத்தைக் காத்ததா என்பது எண்ணிப் பார்த்தற்குரியது.

கி.பி. 1303ஆம் ஆண்டையொட்டித் தகியுத்தீன் காலமானார். அவர் ஈட்டிய பெருஞ்செல்வத்தைப் பாண்டியன் கவர்ந்துகொள்ள விரும்பினான். அவர் மகன் சிராஜுத்தீன் இரண்டு இலட்சம் தினார் செலுத்தி மன்னன் மனத்தைக் குளிர்வித்தான். அதனால் தந்தையின் செல்வமும் அமைச்சர் பதவியும் அவனுக்கே கிடைத்தன என்று வஸ்ஸாப் கூறுகின்றார். ஆனைமலையில் மாறன் எயினன் தமையனுக்குரிய பதவியோடு அவன் கடமையையும் ஏற்றான். காயலிலோ தந்தையின் பதவி பொன்னுக்கு மாற்றாக மகனுக்குக் கிடைத்தது. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை பெரிது. பொன் கொடுத்துப் பெற்ற பதவியில் அப்பொன்னை மீட்டுக்கொள்ளும் எண்ணமே முதலில் எழும்.

இக்குடும்பத்தாரின் புகழ் சீனம் வரையில் பரவியிருந்தது. ‘சமயத்தின் பெருமிதம்’ எனப் பொருள்படும் பக்ருத்தீன் என்னும் பெயருடைய ஜமாலுத்தீன் மகன், ஈரான் மன்னனின் தூதனாய்ச் சீனப் பேரரசனிடம் சென்று, சில ஆண்டுகள் அங்குத் தங்கித் திரும்பினான். வரும்வழியில், மஅபர் கரையை அடைய இரண்டு நாட் பயணமே எஞ்சியிருக்கையில், கி.பி. 1305இல் கடலிலேயே உயிர் துறந்தான். இப்பாண்டிய நாட்டு மண்ணில், சிற்றப்பன் தகியுத்தீனின் அடக்கத்தலத்தின் அருகே அவன் அடக்கம் செய்யப்பட்டான்.

ஐந்தாறு ஆண்டுகள் கழிந்தன. பாண்டிய அரியணைக்குரிய உடன்பிறந்தார் இருவர் தம்முள் போரிட்டனர். அவ்வமயம் கி.பி. 1311இல் தில்லிப் படை தென்னாட்டில் புகுந்தது. அதனை நடத்திவந்த மாலிக்காபூரும் அவையதிகாரி ஒருவனே. அவன் அடிமையாய் விற்கப்பட்டவன். ஆயிரம் தினார் விலைக்கு வாங்கப்பட்டமையால் ‘ஹசார் தினாரி’ என்று அழைக்கப்பட்டான். பின்னர் அலாவுத்தீன் கில்ஜியின் நம்பிக்கையைப் பெற்று, அரசனுக்கு அடுத்த நிலையில் ‘மாலிக் நாயிப்’ என உயர்ந்தான். நாயிப் என்பது பதிலாள். ஒரு பெயர் அவன் விலையைக் குறித்தது. மற்றொன்று அவன் வலிமையைக் குறித்தது. 1316ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அலாவுத்தீன் இறந்தான். மாலிக்காபூர் அரச குமாரருட் சிலரின் கண்களைப் பறித்துக் குழந்தை ஒருவனை அரியணையில் ஏற்றித் தானே ஆள முற்பட்டான். ஏறத்தாழ ஒரு திங்களுக்குள் அரண்மனைக் காவலர் அவனை வெட்டி வீழ்த்தினர். பதிலாள் தன்னையே தலைவனாகக் கருதியமையால் நேர்ந்த முடிவு அது.

காயல் துறையின் பட்டக்கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. பின்னொரு காலத்தில் இப்பகுதி வேணாட்டு அரசன் உதயமார்த்தாண்டன் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அவன் காயல்பட்டினத்துப் பள்ளிவாசலுக்கு ‘உதயமார்த்தாண்டப் பெரும்பள்ளி’ எனப் பெயரிட்டான். அதன் செலவுக்குத் துறைமுக வருவாயில் ஒரு பகுதியையும் அளித்தான். அவ்வூர்க் காதியாகிய அபூபக்கர் என்பவர்க்கு ‘உதயமார்த்தாண்டக் காதியார்’ என்ற பட்டத்தையும் நல்கினான். இந்து மன்னன் ஒருவனின் பெயரை இசுலாமிய நீதிபதி ஒருவர் தம் பட்டமாகத் தாங்கினார். முன்பு தமிழ்வேந்தனின் அமைச்சர் பாரசீகப் பட்டம் பூண்டிருந்தார். இப்போது இசுலாமியச் சான்றோர் தமிழ்நாட்டுப் பட்டம் பூண்டார். இவ்வாறு கொண்டும் கொடுத்தும் வாழ்ந்ததே பொருநைக் கரையின் மரபு.

முடியாட்சி மறைந்து மக்களாட்சி மலர்ந்துள்ளது. கி.பி. 1950ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 18ஆம் பிரிவு, படைத்துறைச் சிறப்பையும் கல்விச் சிறப்பையும் குறிப்பவை அல்லாத பட்டங்களை அரசு வழங்கலாகாது என விதித்துள்ளது. குடிமக்கள் அனைவரும் ஒத்த மதிப்பினர் என்பதே அதன் கருத்து. ஆயினும் பதவிகள் இருக்கின்றன. அவற்றில் அமர்வோரும் இருக்கின்றனர். ஊராட்சித் தலைவர் முதல் நாட்டின் தலைமையமைச்சர் வரை அனைவரும் பிறர் சுமையைத் தாங்குதற்கே அப்பதவிகளில் அமர்ந்துள்ளனர். அவர்களுக்குப் பட்டம் அளிக்கும் மன்னர் இன்று இல்லை. அவர்களைத் தெரிந்தெடுக்கும் மக்களே இருக்கின்றனர்.

காயல் துறையைக் கடல் கைவிட்டது. அங்குக் குதிரை இறக்கிய மரக்கலங்களும் இல்லை. தினார்களை எண்ணிய கருவூலமும் இல்லை. ஆனைமலைக் குடைவரையோ அண்ணனும் தம்பியும் ஆற்றிய கடமைக்குச் சான்றாய் இன்றும் நிற்கின்றது. பட்டத்தின் ஒலி அவையோடு அடங்கும். பொறுப்பை நிறைவேற்றியவர் செயலே நாட்டில் நிலைத்து நிற்கும்.